வேடமும் விடுதலையும்

விளையாட்டு என்றதும் அதனைச் சிறுவருக்குரிய பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் மனப்பாங்கு எம்மிடையே இன்னும் நிலவுகின்றது. ஆதலின், கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரொன்றிலே எழுதப் புகுவது சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்குச் சினத்தையும் அளித்தல் கூடும். ஆயினும், நாடகத்தையும் நாவலையும் பற்றி நாம் எழுப்பும் வினாக்களுள் முதன்மையான ஒன்று இவ்விளையாட்டுக்களிலே மிகக் கூர்மையாக எழுந்துள்ளது. ஒருவன் பிறிதொருவனாக வேடம் பூணும்போது, அவ்வேடத்தை அவனே படைத்துக்கொள்ள வேண்டுமா, அன்றி முன்னமே படைக்கப்பட்ட வேடமொன்றினுள் அவன் புகவேண்டுமா என்பதே அவ்வினா. இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. திருகோணமலையிலே, உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையிலே, என் அம்மம்மாவின் வாயிலிருந்து வந்தது.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியை இந்நாட்டவர் எவரும் எளிதில் மறக்கமாட்டார். எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. மின்சாரம் வரும் வேளையை எதிர்பார்த்திருந்து, மாமா விட்டுச்சென்ற பழைய கணினியின் முன் நானும் அடுத்த ஒழுங்கை நண்பனும் அமர்வது வழக்கம். ஒரு நாள் மாலை நண்பன் ‘ஸ்கைரிம்’ என்னும் விளையாட்டைத் தொடங்கினான். 2011ஆம் ஆண்டு வெளிவந்த அவ்விளையாட்டின் தொடக்கக் காட்சியிலே, கைகள் கட்டப்பட்ட கைதிகள் சிலர் வண்டியொன்றிற் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் போர்வீரன், பட்டியலில் இடம்பெறாத கைதியொருவனைக் கண்டு, நீ யார் என்று வினவுகின்றான். அக்கணத்திலே கதை நின்றுவிடும். விளையாடுபவன் பத்து இனங்களுள் ஒன்றைத் தெரியலாம். ஆணாகவோ பெண்ணாகவோ அமையலாம். மூக்கின் நீளத்தையும் கண்ணின் நிறத்தையும் கன்னத்துத் தழும்பையும் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்ளலாம். நண்பன் முகமொன்றை வனைந்துகொண்டேயிருந்தான். போர்வீரன் பட்டியலுடன் காத்து நின்றான். ஒரு மணிநேரம் கழிந்தது. மின்சாரமும் போயிற்று.

இருட்டிலே அம்மம்மாவின் குரல் கேட்டது: “இவ்வளவு நேரமா ஆடாம என்ன செய்தீங்க?”

“இன்னும் ஆள் ஆரெண்டு முடிவு பண்ணல்ல, அம்மம்மா.”

“ஆரெண்டு தெரியாம எப்பிடி மனே ஆடுற?”

நாங்கள் சிரித்தோம். ஆனால், அவ்வினா ஒரு கூத்தூரில் வளர்ந்தவரின் வினா என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அம்மம்மா மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து திருகோணமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அங்கே கூத்துப் பழகத் தொடங்குமுன் ‘சட்டங் கொடுத்தல்’ என்றொரு நிகழ்ச்சி உண்டு. ஊர்ப் பெரியோர் கூடியிருக்க, இன்னார்க்கு இன்ன வரவு என்று தீர்மானித்து, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய கொப்பியை அண்ணாவியார் அவரவரிடம் கொடுப்பார். அதன் பின்னர் மாதக்கணக்கிற் பழகிச் சதங்கை அணிந்து, இறுதியில் வட்டக்களரியில் அரங்கேறுவர். அம்மம்மாவின் தமையனார் அருச்சுனனாக ஆட ஆசைப்பட்டாராம். அண்ணாவியாரோ அவரது குரலையும் உடற்கட்டையும் நோக்கித் துரியோதனன் கொப்பியைக் கொடுத்துவிட்டாராம். இரண்டு நாள் அவர் சோறு உண்ணவில்லையாம். எனினும் அரங்கேற்ற இரவிலே, விடியற்சாமத்தில் துரியோதனன் விழுந்தபோது நடந்ததை அம்மம்மா இன்றும் பெருமையோடு கூறுவார்: “சனம் தருமருக்கு அழல்ல, எங்கட அண்ணனுக்குத்தான் அழுதது.”

இனி, இவ்விளையாட்டு வகையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பொருந்தும். ஆர்.பி.ஜி. என்னும் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் இளைஞர் வழங்கும் பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் கணினியிலே பிறந்தவை அல்ல. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு தாளையும் பென்சிலையும் தாயக்கட்டைகளையும் கொண்டு மேசையைச் சுற்றியிருந்து ஆடப்பட்டது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீரனைப் படைத்துக்கொள்வர். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து கதையை நடத்துவார். அவரை அண்ணாவியாருக்கு ஒப்பிடலாம்; ஆயினும் அவர் கையில் முடிந்த கொப்பி இல்லை. ஆடுவோர் எதிர்பாராததொன்றைச் செய்தால், அவர் கதையை அவ்விடத்திலேயே மாற்றிக்கொள்வார்.

கணினிக்கு அவ்வாற்றல் இருக்கவில்லை. கதைமாந்தர் கூறும் ஒவ்வொரு மறுமொழியும் முன்னதாகவே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இங்குதான் வழி இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கரான ரிச்சட் கரியற் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட நான்காவது ‘அல்ற்றிமா’ ஒரு வழியைக் காட்டிற்று. அதன் தொடக்கத்தில் விளையாடுபவனிடம் அறநெறி பற்றிய வினாக்கள் கேட்கப்படும். இரு நற்பண்புகள் ஒன்றோடொன்று மோதும் நிலையில் எதனைக் கைக்கொள்வாய் என்பன போன்ற அவ்வினாக்களுக்கு அவன் அளிக்கும் விடைகளே அவன் எத்தகைய வீரன் என்பதை முடிவுசெய்யும். அதாவது, அங்கே வேடம் பூணுபவன் தானாகவே நுழைகின்றான். இதற்கு மறுகோடியிலே, போலந்து நாட்டிலிருந்து 2015ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாவது ‘விச்சர்’ நிற்கின்றது. அதன் நாயகனாகிய கெரால்ற், அந்திரே சப்கோவ்ஸ்கி என்னும் எழுத்தாளரின் கதைகளிலே முன்னமே வாழ்ந்தவன். அவனுக்கென நரைத்த தலையும், கரகரத்த குரலும், பழைய காதலும், வளர்ப்பு மகளும் உண்டு. அவனை நாம் படைப்பதில்லை, நடத்துகின்றோம்.

என் நண்பன் முதலாவது வழியையே வழி என்பான். முன்னரே எழுதப்பட்டவனை நடத்துதல் நாவல் வாசிப்பதற்கு ஒப்பானது என்பதும், அங்கே பக்கத்தைப் புரட்டும் கை மட்டுமே எமது என்பதும் அவன் வாதம். “பிறந்த ஊரை நான் தெரியவில்லை, தகப்பனை, சாதியை, மொழியை, நான் பிறந்த காலத்திலே நடந்த யுத்தத்தை எதையும் நான் தெரியவில்லை. விளையாட்டிலாவது என்னை நானே தெரியவிடு” என்று ஒருமுறை கூறினான். இதனை வெறும் சிறுபிள்ளைத்தனமென்று தள்ளிவிட இயலாது. அவனது தகப்பனாரின் வள்ளமும் வலையும் அவனுக்காகக் காத்திருந்தன. அவனோ தான் படைத்த வீரருள் ஒருவனுக்கேனும் தன் சொந்தப் பெயரை இட்டதில்லை.

நான் எதிர்க்கட்சியில் நின்றேன். அதற்குக் காரணமாய் அமைந்தது செக் நாட்டவர் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்னும் விளையாட்டு. 1403ஆம் ஆண்டின் பொகீமியாவிலே, சிற்றூர்க் கொல்லன் ஒருவனின் மகனான ஹென்றியாகவே அதனை எவரும் ஆடவேண்டும். அவன் வீரன் அல்லன். வாள் பிடிக்கத் தெரியாது. தந்தைக்குக் கடன்பட்ட ஊர்க் குடிகாரனிடமே அடிவாங்கக்கூடியவன். வாசிக்கவும் அறியான். புத்தகத்தைத் திறந்தால், எழுத்துக்கள் தாறுமாறாய்க் கலைந்து கிடப்பது போன்றே எம் கண்ணுக்கும் தோன்றும். எழுத்தறிந்த ஒருவரிடம் சென்று பயின்ற பின்னரே சொற்கள் மெல்ல மெல்லத் தெளிவுறும். கதையின் தொடக்கத்திலேயே படையொன்று வந்து ஊரை எரிக்கின்றது. ஹென்றியின் தாயும் தந்தையும் கொல்லப்படுகின்றனர். அச்சாவை எத்தனை முறை திரும்ப ஆடினும் தடுக்க இயலாது.

இவ்விடத்து என் சொந்த வாழ்வைச் சிறிது கூறாதிருக்க முடியவில்லை. என் தந்தையார் துறைமுக இறங்குதுறையிலே கப்பற் சாமான்களை இறக்கும் தொழிலாளியாய் இருந்தவர். 2021ஆம் ஆண்டு நோயுற்றுக் காலமானார். அந்தியேட்டி முடிந்த அன்று, உறவினர் ஒருவர் என் தோளிலே கைவைத்து, இனி இந்த வீட்டுக்கு நீதான் தகப்பன் என்றார். அது அன்பினாற் சொல்லப்பட்ட சொல்லே. ஆயினும், அப்போது எனக்குக் கொப்பியொன்று கையிலே திணிக்கப்பட்டதாகவே தோன்றிற்று. அதிலே எல்லாம் எழுதப்பட்டிருந்தன: உழைக்க வேண்டும், தங்கையை ஒப்பேற்ற வேண்டும், படிப்பை மறக்க வேண்டும். அக்காலத்திலேதான் நான் ஹென்றியாய் ஆடினேன். தகப்பனை இழந்த மகன் என்பதை அவ்விளையாட்டு மாற்றவிடவில்லை. ஆனால், அத்தகைய மகன் பழிவெறி கொண்டு திரிவானா, களவுக்குப் போவானா, இரக்கமுடையவனாய் இருப்பானா, எழுத்துப் படிக்கப் போவானா என்பவற்றை என் கையிலேயே விட்டுவைத்திருந்தது. எழுத்துப் படிக்கச் செல்லாமலே கதையில் நெடுந்தூரம் போய்விடலாம். நான் சென்றேன்.

நிற்க. நண்பனின் வெற்றுத்தாள் வீரன் உண்மையிலே சுதந்திரமுடையவனா என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஸ்கைரிமில் எந்த முகத்தைப் படைத்தாலும், எந்த இனத்தைத் தெரிந்தாலும், அவனே பறவைநாகங்களை அடக்கப் பிறந்தவன் என்னும் விதி மாறுவதில்லை. முகம் எமது, தலையெழுத்து ஆக்கியோனது. அதுமட்டுமன்று. நாயகன் எவனாயும் இருக்கலாம் என்று விட்டுவிட்டால், அவனைச் சூழ்ந்துள்ளோர் அவனிடம் என்ன பேசுவது? அவனது தாயை அவர்கள் அறியார். அவனது ஊரை அறியார். எல்லோர்க்கும் பொருந்தும் பொதுச் சொற்களையே அவர்கள் பேசவேண்டியுள்ளது. நாயகனுக்கும் குரல் இல்லை. கெரால்ற்றின் நிலை வேறு. அவனை ஒரு பழைய தோழி கடிந்துகொள்ளலாம். ஒரு பகைவன் பெயர்சொல்லி அழைக்கலாம். அவனது வளர்ப்பு மகள் சிரியின் இறுதி முடிவு, அவன் எத்தனை பூதங்களைக் கொன்றான் என்பதிலே தங்கியிருக்கவில்லை. அவள் மனமுடைந்திருந்த வேளையிலே அவளோடு பனிக்கட்டி எறிந்து விளையாடினானா, பெரியோர் அவையிலே அவளைத் தனியாய்ப் பேசவிட்டானா என்பன போன்ற சிறு தெரிவுகள் சிலவற்றிலேயே அது தங்கியுள்ளது. தகப்பன் என்னும் வேடம் நிலையானது. எத்தகைய தகப்பன் என்பதே விளையாட்டு. வேடம் நிலையாய் இருப்பதனாலேயே அச்சிறு தெரிவுகள் கனம் பெறுகின்றன.

இவ்வுண்மையை அறிய எம்மவர் போலந்துக்குச் செல்லவேண்டியதில்லை. 1960களிலே பேராதனையில், பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில் ‘இராவணேசன்’ மேடையேறியது. அதனை எழுதியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. இராவணனைக் காட்டிலும் முற்றாக எழுதி முடிக்கப்பட்ட பாத்திரம் வேறு யாதுளது? அவன் யாரைக் கவர்ந்தான், யாரால் மடிந்தான் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஒரு நிகழ்ச்சியையும் மாற்ற இயலாத அப்பாத்திரத்தை, வீழுமிடத்தும் தாழாத மானுடனாய், அவல நாயகனாய் அவர்கள் நிறுத்தினார்கள்.

திருகோணமலையார் இதனை இன்னும் எளிதில் விளங்கிக்கொள்வர். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிலே, கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் பாறையை இராவணன் வெட்டு என்கின்றோம். நகருக்கு வெளியே கன்னியாவிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவன் தோற்றுவித்தான் என்பது ஐதீகம். பிறர் கதையிலே அவன் அரக்கன். எங்கள் ஊர்க் கதையிலே தாய்க்குக் கடன் முடித்த மகன். பாத்திரம் ஒன்றே; உள்ளே நின்று நோக்கியவர் வேறு.

இதுவரை எழுதியதை வாசிக்கும் ஒருவர், நான் நண்பனை முற்றாகத் தோற்கடித்துவிட்டேன் என எண்ணக்கூடும். அவ்வாறன்று. அவன் கேட்ட ஒரு கேள்விக்கு நெடுங்காலம் என்னிடம் விடை இருக்கவில்லை. “உன்னுடைய எழுதப்பட்ட நாயகர்களிலே எத்தனை பேர் எங்களைப் போன்றவர்கள்?” என்றான் அவன். கொல்லன் மகனாயினும் ஹென்றி ஐரோப்பியன், கெரால்ற்றும் அவ்வாறே. பிறர் எழுதிய வேடங்களிலே எமக்கு இடமில்லாதபோது, வெற்றுத்தாளே எமக்குக் கிடைக்கும் ஒரே தாளாகின்றது. கறுத்த முகமொன்றைப் படைக்க அவன் செலவிட்ட ஒரு மணிநேரம் வீணன்று என்பதை நான் ஏற்றுக்கொள்ளவேண்டியிருந்தது.

விடையின் ஒரு பகுதி 2023ஆம் ஆண்டு கனடாவிலிருந்து வந்தது. ரொறன்ரோ நகரிலே தமிழ் இளைஞர் ஒருவரின் முயற்சியால் உருவான ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, 1980களிலே தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்றின் கதையைக் கூறுவது. வாளும் இல்லை, பூதமும் இல்லை; அதனைப் பாத்திரமேற்பு விளையாட்டென வகைப்படுத்துவோரும் அரிது. தாயார் விட்டுச்சென்ற சமையற் குறிப்பேட்டிலே கறைபட்டும் அழிந்தும் போன இடங்களை ஊகித்து, இட்டலியையும் புட்டையும் ஆக்கவேண்டும். வெண்பா என்ற தாய்க்கு நாம் முகம் வனைய இயலாது. உரையாடலிலே நாம் தெரியும் சொற்களும் கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. மகன் தமிழைவிட்டு விலகிச்செல்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பின்னர் அம்மகனாகவே நாம் அடுப்படியில் நிற்கவும் வேண்டும். 2024ஆம் ஆண்டு பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விளையாட்டு விருதுகளிலே சிறந்த முதற்படைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. அதனை ஆடியபோது, வேடம் முன்னமே எழுதப்பட்டிருப்பது குறையன்று, அதனை எழுதும் கைகளுள் எங்கள் கை இல்லாதிருந்ததே குறை என உணர்ந்தேன். நாயகனைத் தெரியும் உரிமை மட்டும் போதாது. நாயகனை எழுதும் உரிமையும் வேண்டும்.

நண்பன் அவ்வாண்டிலேயே நாட்டைவிட்டுப் புறப்பட்டான். வள்ளத்தை விற்றுத்தான் அவனது பயணச் செலவு ஒப்பேறியது. தகப்பனாரின் கொப்பியை அவன் வாங்க மறுத்துவிட்டான் எனலாம். அம்மறுப்பும் சுதந்திரமே, அதனை இழிவாய்ப் பேச எனக்கு உரிமையில்லை. என் வீட்டிலே நடந்தது வேறு. தங்கை படித்தாள், அம்மா தையல் வேலை எடுத்தார், நான் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். விடுமுறைக் காலங்களில் ஊரிலே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து வீட்டுக்குப் பணம் கொடுக்கின்றேன். அவ்வுறவினர் எண்ணிய தகப்பன் நானல்லன். ஆயினும், தலைமகன் என்னும் வேடத்தை நான் கழற்றி எறியவுமில்லை.

சென்ற ஆண்டு நண்பனிடமிருந்து செய்தி வந்தது. ஐரோப்பிய நகரமொன்றிலே இரவு வேலை. பகலில் மொழி வகுப்பு. வேலைத்தலத்திலே அவனது பெயரை உச்சரிக்க இயலாது என்று வேறொரு பெயரை இட்டுவிட்டனராம். ஓய்ந்த நேரத்தில் இப்போது ஹென்றியை ஆடுகின்றானாம். “எழுத்துக்கள் கலைந்து தெரியும் இடம் வந்தது. கடைப் பலகைகள் எனக்கு இப்படித்தான் தெரியும்” என்று எழுதியிருந்தான். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

அதனை வாசித்த இரவு, நான் ஸ்கைரிமைத் திறந்தேன். போர்வீரன் வழக்கம்போல் வினவினான். முதன்முறையாக என் சொந்தப் பெயரையே எழுதினேன். தந்தையின் முகத்துக்கு இயன்றவரை ஒத்ததாய் ஒரு முகத்தையும் ஆக்கினேன். எதையும் செய்யலாம் என்னும் அவ்வுலகிலே, அப்பெயரோடும் அம்முகத்தோடும் ஒரு வீட்டுப் பெட்டியையேனும் திறந்து களவாட என் கை எழவில்லை. வெற்றுத்தாள் என்று நாங்கள் வாதிட்ட தாளிலே என் வீட்டார் முன்னமே எழுதிவைத்திருந்தனர்.

விடுமுறைக்குச் சென்றபோது இதனை அம்மம்மாவிடம் கூறினேன். அவருக்கு இப்போது செவி மந்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இப்ப ஆரெண்டு தெரியுமா?” என்றார். கொஞ்சம் தெரியும் என்றேன். “அப்ப ஆடு” என்றார்.